மழை பெய்யாத மாடி

திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்னால் இருக்கும் பீர் முஹம்மது வீட்டு மொட்டை மாடியில் மழை பெய்வதில்லை. எதிர்வீட்டு மாடியில் பெய்யும், சந்தில் முழங்கால் அளவு தேங்கும், இங்கே கைப்பிடிச் சுவர்வரை வந்து நின்றுவிடும். மழைநீர் சேகரிப்புக் குழாயைப் பார்க்க வந்த மாநகராட்சி ஊழியர், குழாய் சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீர்தான் வருவதில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கீழே குடியிருந்த பீர் முஹம்மது மூட்டுவலியால் மாடி ஏறிப் பல வருடம் ஆகியிருந்தது. வீடு ஒழுகாததற்கு அப்பா காலத்துச் சுண்ணாம்புத் தளம்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இதை முதலில் கண்டவள் சகினா. துபாய்க்குப் போன கணவன் அங்கே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு போன் நம்பரை மாற்றிவிட்ட பிறகு, மகள் ரூஹியோடு மாடியிலிருந்த தகரக் கூரை அறைக்கு வாடகைக்கு வந்தவள். ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழைச் சத்தம் கேட்டுத் துணி எடுக்க ஓடினாள். ரூஹியின் பள்ளிச் சீருடை கொடியில் மொரமொரவென்று காய்ந்து கிடந்தது. சுவருக்கு வெளியே கையை நீட்டினாள், நனைந்தது. உள்ளே இழுத்தாள், காய்ந்தது. சும்மா அதையே கொஞ்ச நேரம் செய்துகொண்டிருந்துவிட்டு, இதை வைத்துப் பிழைக்கலாம் என்று முடிவுக்கு வந்தாள்.

இடமும் வாகானது. இதே மாடி அடையாறில் இருந்திருந்தால், வீட்டுக்கு வீடு துணி உலர்த்தும் மிஷின் வைத்திருக்கும் அந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தி.நகரில் இருந்திருந்தால் ஜவுளிக்கடைக்காரர்கள் குடோனாக்கியிருப்பார்கள். இங்கேயோ சுற்றிலும் மேன்ஷன்கள், அறைக்கு மூன்று ஆண்கள், கொடி கட்ட ஒரு ஜன்னல். மழைக்காலத்தில் அவர்கள் ஈரச் சட்டையை மின்விசிறியில் கட்டிச் சுற்றவிட்டு, முடை நாற்றத்தோடு இன்டர்வியூவுக்குப் போய்வந்தார்கள்.

சகினா விஷயத்தை ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உம்மே ஹானி. அவளிடம் ஸ்கூட்டரும் இருந்தது, யாரிடமும் பேசத் தயங்காத வாயும் இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"என்னாண்ட போய் இத்த சொல்றியே. ரூஹிக்கு நான் இன்னா மூணாம் மனுஷியா?"

ஹானி மேன்ஷன் மேன்ஷனாக ஏறித் துணி வாங்கிவந்தாள். சகினா உலர்த்தினாள், தேய்த்தாள், மடித்தாள். இரண்டாம் வருடம் மயிலாப்பூரிலிருந்து கல்யாணப் புடவைகள் வந்தன. புயல் அடித்த வருடம் வேளச்சேரி மெத்தைகளும், ஒரு வக்கீலின் கவுனும், கோயில் அர்ச்சகர் ஒருவரின் பஞ்சகச்சமும், வெள்ளத்தில் நனைந்த யாரோ ஒரு பெண்ணின் பட்டச் சான்றிதழும் ஒரே கொடியில் ஆடின. சகினாவுக்கு டெங்கு வந்தபோது ஹானிதான் கஞ்சி ஊட்டினாள், ரூஹிக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினாள்.

நாலாவது வருடம், மழை தொடங்குவதற்கு முன்னால், பீர் முஹம்மது கீழேயிருந்து கூப்பிட்டார்.

"ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடும்மா. மாடி மொத்தத்தையும் ஹானி பேர்ல அக்ரிமெண்ட் போட்டாச்சு."

"எந்த ஹானி, பாய்?" என்று கேட்டாள் சகினா. அந்தத் தெருவில் வேறு ஹானி கிடையாது.

சாயங்காலம் ஹானி வந்தாள், கூடவே கொடிக்கம்பி அளக்க ஒரு ஆள்.

"கோவப்படாதடி. நீ வாடகைக்குத்தானே கீற? நான் போடலன்னா வேற எவனாவது போட்டுகினு பூடுவான்."

"எவனுக்குடி தெரியும்? உனக்கு மட்டும்தானே தெரியும்."

ஹானி முக்காட்டைச் சரிசெய்தாள். "வேலைக்கு வா. சம்பளம் குடுக்கறேன்."

சகினா மீர்சாகிப்பேட்டையில் தரைத்தளத்து அறை ஒன்றுக்குப் போனாள். அழவில்லை. மழைக்காகக் காத்திருந்தாள். தான் வந்த பிறகுதான் மழை அந்த மாடியை விட்டு விலகி நின்றது என்று அவள் மனதுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மழை ஹானியின் கொடிகள்மேல் கொட்டித் தீர்க்கும். முதல் மழையன்று சந்துமுனையில் குடையில்லாமல் நின்று அண்ணாந்து பார்த்தாள். மழை தெருவை நனைத்தது, அவளை நனைத்தது, மசூதியின் மினார்களை நனைத்தது, கைப்பிடிச் சுவரில் வந்து நின்றது. உள்ளே வெள்ளைச் சட்டைகள் வரிசையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. யார் உலர்த்துகிறார்கள் என்று மழை பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் சகினா அழுதாள்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. புது அறையின் சுவரெல்லாம் ஓதம். ரூஹியின் சீருடை காயவே இல்லை. ஈரத்தோடு போட்டுப் போய்க் காய்ச்சல் வந்து குணமாகி, மறுபடி பள்ளிக்குக் கிளம்பும் நாளும் வந்துவிட்டது. சகினா சீருடையை வாளியில் போட்டுக்கொண்டு பழைய வீட்டுக்கு நடந்தாள். மாடிப்படியின் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஹானி எழுந்து நின்றாள்.

"உன்கிட்ட காசு வாங்குவேனா சகினா?"

"எல்லாருக்கும் குடுக்கற மாதிரி டோக்கன் குடு."

ஹானி கொடுத்தாள். வாளியை வாங்கிக்கொண்டு, சகினாவின் முகத்தைப் பார்க்காமல், "மேல போய்ப் பாக்கறியா?" என்றாள்.

"இன்னாத்த பாக்கறது? மேல மழ பெய்யலதானே?"

"பெய்யல."

"அப்ப காஞ்சிடும்," என்றாள் சகினா. டோக்கனைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, குடையை விரித்து மழையில் இறங்கினாள்.