சின்னவளின் டியூட்டி வாரம்

"மூணு தடவ வந்து கூப்பிட்ட. சாகறப்ப மட்டும் ஏன்க்கா கூப்பிடல?" சின்னவள் போட்ட சத்தம் மூன்று வீடு தள்ளியும் கேட்டது.

"கதவச் சாத்துடி. செத்தவருக்குத்தான் காது கேக்காது, தெருவுக்குக் கேக்கும்," என்றாள் பெரியவள். அப்பாவின் தாடையைக் கட்டத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளுக்கு விண்வெளி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எங்கோ ஒரு நட்சத்திரம் நொறுங்கினால் காமா கதிர் சில நொடி வெடித்து அடங்குமாம். பின்னாலேயே வரும் எக்ஸ்ரே வெளிச்சம் மணிக்கு மணி மங்கிக்கொண்டே போகுமாம். டியூட்டியில் இருப்பவர் உடனே இடத்தைச் சரிபார்த்து மற்ற தொலைநோக்கிகளுக்குச் சொல்ல வேண்டும். விட்டால் போச்சு. தெருவில் யாருக்கும் இது புரிந்ததில்லை, தலையை மட்டும் ஆட்டுவார்கள். அந்த வாரம் சின்னவள் டியூட்டி. அப்பாவுக்கு முடியவில்லை என்று லீவு கேட்டிருக்கலாம். லேப்டாப்போடு வந்திறங்கினாள். அன்று காலை பத்தரைக்குச் செல்போன் அலறியது. பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா மூன்று தடவை குட்டி எங்கே என்று கேட்டார். மூன்று தடவையும் பெரியவள் போய்ச் சொன்னாள். திரையை விட்டுக் கண் எடுக்காமல் "பத்து நிமிஷம்க்கா" என்ற பதில்தான் வந்தது.

ஆறு வருஷமாக அவருக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் பெரியவள். அவரோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், சின்னவள் வானத்துக்கே டியூட்டி பார்க்கிறாள் என்பார். பெரியவளைப் பற்றிக் கேட்டால், 'இவ இங்கதான் இருக்கா' என்பதோடு சரி.

நாலாவது தடவை கேட்டபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பெரியவள் எழுந்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டாவது நிமிஷம் அடங்கிவிட்டார். மிச்சம் இரண்டும் ஆன பிறகுதான் போய்ச் சொன்னாள்.

"பத்து நிமிஷம்னு நீதான கேட்ட? குடுத்தேன்," என்றாள் இப்போது.

சின்னவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "கடைசியா என்னத் தேடினாராக்கா?" என்றாள். ஆமாம் என்ற ஒரு சொல்லுக்குக் காத்திருந்தாள்.

பெரியவள் தாடைத் துணியின் முடிச்சை இறுக்கினாள்.

"இல்ல. என்னத்தான் கூப்பிட்டார்."

சின்னவள் அதை நம்பினாள்.

அடுத்த மாதமே வெளிநாட்டில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அங்கே கூட வேலை பார்ப்பவனைக் கட்டிக்கொண்டாளாம். தெருவில் நாலு வீட்டுக்குப் போட்டோ வந்தது, அக்காவுக்கு வரவில்லை. பெரியவள் தன் சாமான்களை அப்பாவின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். நல்ல காற்று வரும் அறை.