அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடப்பட்டவர்கள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் சும்மா இருப்பானா? செக்கர் இருக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர், வீட்டோடு வந்து சேர்ந்த முதல் வாரமே, மனைவிக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று தோட்டத்தில் இறங்கி, அப்போதுதான் முளைத்திருந்த ஒரு பாத்தி முள்ளங்கியைப் புல் என்று நினைத்து வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார். பிடுங்கியதை அடுக்கியும் வைத்திருந்தார், அதுதான் கொடுமை.

"இனிமே என் களைக்கொத்தைத் தொட்டுப் பாருங்க, தெரியும் சேதி!" என்று சொல்லி, அவள் அதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததோடு சரி.

அவளுக்குத் தோட்டம் என்றால் உயிர். அதிலும் அந்த ஊதாக் கத்திரி. நாலு வருஷமாக நல்ல காயாகப் பார்த்துப் பழுக்கவிட்டு, விதை எடுத்து, அடுத்த வருஷம் விதைத்து, ஒரு குழந்தையைப் போல வளர்த்த ரகம். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து டானிக் அளக்கும் குட்டிக் கப்புகளைச் சேர்த்து வந்து, கையிலிருந்த விதை மொத்தத்தையும் அவற்றில் முளைக்க வைத்து, நாற்பது நாற்றைப் பாத்தியில் நட்டிருந்தாள். டப்பாவில் ஒரு விதைகூட மிச்சமில்லை. நட்ட மறுநாளே அவளுடைய தம்பி போன் செய்தான். அவன் மனைவிக்குப் பிரசவம், அக்கா வந்து பத்து நாள் கூட இருக்க வேண்டும்.

"தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க. களைக்கொத்து பக்கமே போகாதீங்க" என்று வாசலில் நின்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

செக்கருக்கு ஒரே ஒரு ஆசை. அவள் திரும்பி வந்து நாற்பது நாற்றையும் பார்த்து, வாய் திறந்து "பரவாயில்லையே" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு படியை விட்டுக் கீழே இறங்க அனுமதி கிடைத்தாலும் கிடைக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு நாற்று சாய்ந்து கிடந்தது. கத்தரிக்கோலால் வெட்டினாற்போல, மண்ணை ஒட்டி, சுத்தமாக. மறுநாள் இரண்டு.

"நாத்து எப்படி இருக்கு?" என்று போனில் கேட்டாள்.

"ஜோரா இருக்கு" என்றார். டிக்கெட் இல்லாதவர்கள் அவரிடம் இதே குரலில்தான் பேசியிருக்கிறார்கள்.

போனை வைத்ததும் விசாரணை தொடங்கியது. களைக்கொத்துக்குத் தடை, தடை என்றால் தடைதான். சமையலறையிலிருந்து ஒரு கரண்டியும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு போய் நாற்றுகளைச் சுற்றி மண்ணைக் கிளறினார். அம்மாடி, உள்ளே என்ன கூட்டம்! பளபளவென்று கறுப்பு வண்டுகள் விழுந்தடித்து ஓடின. ஒரு பூரான் நெளிந்து பாய்ந்தது. பக்கத்திலேயே கொழுத்த சாம்பல் நிறப் புழு ஒன்று சுருண்டு படுத்திருந்தது, தொட்டாலும் அசையவில்லை.

செக்கருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பெட்டிக்குள் பரிசோதகர் ஏறியதும் எவன் எழுந்து ஓடுகிறானோ, அவனிடம் டிக்கெட் இல்லை.

"ஓடுறியா? எங்க ஓடுவ?" என்று வண்டுகளையும் பூரானையும் பிடித்து பிஸ்கட் டின்னில் அடைத்தார். சுருண்டு கிடந்த புழுவைப் பார்த்து, "பாவம், அசந்து தூங்குறான்" என்று மண்ணைப் போட்டு மூடினார். போர்த்திவிட்டார் என்றே சொல்லலாம்.

அடிக்கவோ மிதிக்கவோ அவருக்கு மனம் வராது. சர்வீஸ் முழுக்க அவர் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார், அவ்வளவுதான். டின்னைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து, எதிரே காலி மனையில் கிடந்த செங்கல் குவியல் பக்கம் போய், "இறங்கு, இறங்கு" என்று கொட்டினார். தினமும் காலையில் இதே வேலையாகிவிட்டது.

எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார், "என்ன சார், தினமும் டின்னோட?"

"டிக்கெட் இல்லாத பயலுங்க."

"சரி சார்" என்று தையல்காரர் மெஷினைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், இவர் பிடிக்கப் பிடிக்க அங்கே நாற்று கூடுதலாக விழுந்தது. எட்டாம் நாள் எண்ணினார். இருபத்தைந்துதான் மிச்சம். அன்றைக்குப் பிடித்ததைக் கொண்டுபோய்க் கொட்டவிடாமல் மழை பிடித்துக்கொண்டது, டின் படியிலேயே கிடந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் இன்னும் நாலு விழுந்திருந்தது. டின் மூடியைத் திறந்தார். கரண்டி மண்ணோடு தூங்குமூஞ்சிப் புழு ஒன்றும் தவறி உள்ளே விழுந்திருக்க வேண்டும். இப்போது அதன் தலை மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு கறுப்பு வண்டு உட்கார்ந்திருந்தது, அதன் வாய் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

செக்கர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஓடுகிறவன் சில்லறைத் திருடன். தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதுபோல் நடிக்கிறானே, அவன்தான் கொம்பன். எத்தனை புது ஆட்களுக்கு இதைச் சொல்லியிருப்பார்!

"அட அறிவுகெட்டவனே! நாத்தை வெட்டுற புழுவைப் போர்த்திவிட்டுட்டு, அதைப் புடிக்க வந்த ஸ்குவாடையே இறக்கிவிட்டிருக்கியேடா!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, டின்னில் இருந்தவர்களை அவசரமாகப் பாத்தியில் விட்டுவிட்டு, வெறும் டின்னோடு எதிர் மனைக்கு ஓடினார்.

செங்கல்லைப் புரட்டினார். ஈரச் சாக்கைத் தூக்கினார். இருந்தார்கள், நல்ல வேளையாகப் பாதிப் பேர் அங்கேயே ஒண்டியிருந்தார்கள்.

"என்ன சார் தேடுறீங்க?" தையல்காரர் ஓடி வந்தார்.

"இறக்கிவிட்டவங்களத் திரும்ப ஏத்தணும்."

"டிக்கெட் இல்லன்னீங்களே?"

"அவங்கல்லாம் ஸ்டாஃப்யா!"

சமயத்தில் சில பேரைக் கேட்காமல் இருப்பதே நல்லது. டின் மூடியைத் திறந்து திறந்து மூடும் வேலையைத் தையல்காரர் எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. ஒரு நாள் முன்னதாகவே பையோடு இறங்கினாள் வீட்டுக்காரி.

"என்னங்க இது கோலம்?"

முழங்கால் வரை சேறு, கையில் இடுக்கி, இடுக்கியில் பூரான். செக்கர் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார், "ஜோரா இருக்கு" என்றது பொய் என்பது உட்பட. அவள் நேரே தோட்டத்துக்குப் போனாள். அவர் பின்னாலேயே போய் டின்னைப் பாத்தியில் மெதுவாகக் கவிழ்த்தார். வண்டுகள் வீட்டுக்கு வந்தவர்கள்போல மண்ணுக்குள் நுழைந்தன.

அவள் குத்தவைத்து உட்கார்ந்து, பாத்தி முழுக்கப் பார்த்தாள். பத்தொன்பது இடம் வெறுமையாகக் கிடந்தது. அவளுடைய கண் கலங்கியது.

"இது என்ன குழி குழியா?" என்றாள் கடைசியில்.

"கரண்டி."

"கரண்டியா? இத்தனை நாளும் கரண்டியிலயா தோண்டுனீங்க?"

"களைக்கொத்தைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனியே."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபத்தை இழுத்துப் பிடித்து வைக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போனாள், ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"தண்டுக்கு ரெண்டு விரல் தள்ளிக் கொத்துங்க. இன்னும் இருபத்தொண்ணு நிக்குது. விதைக்கு ஒரு காய் தேறினாப் போதும், அடுத்த வருஷம் நூறு வச்சுக்கலாம்."

முதல் கொத்துக்கே மரவட்டை ஒன்று வந்தது. இடுக்கியை நீட்டினார்.

"ஐயோ, அது சருகு தின்னுட்டுப் போற ஜீவன். விடுங்க."

"சீசன் பாஸா? சரி, போ."

அடுத்த கொத்தில் சாம்பல் நிறப் புழு உருண்டு வந்து, சுருண்டு, மூச்சே இல்லாததுபோல் கிடந்தது. செக்கர் குனிந்தார். முப்பத்தொரு வருஷக் குரல் தானாக வந்தது.

"டிக்கெட்!"

அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு மெஷின் நின்றுவிட்டது.

சாயங்காலம் களைக்கொத்தைக் கழுவித் துடைத்து, மறுபடியும் ஆணியில் மாட்டப் போனார். அடுப்படியிலிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

"அங்க எதுக்கு? படியிலயே வைங்க. காலைல மொதல்ல இறங்கப் போறது நீங்கதானே."