தொட்டியில் நின்ற புல்

விடிகாலையில் தொட்டியில் புல்லைக் கண்டதும் காத்தமுத்து வேரோடு பிடுங்கி ஆட்டுக்குப் போட்டார். கையோடு வந்துவிட்ட பழக்கம். சிறுவயதில் இலங்கைத் தேயிலை மலை, பிறகு கச்சால் தீவில் ரப்பர் தோட்டம். எங்கேயும் செடியடியில் புல் நின்றால் கங்காணி அரைப் பேர்தான் போடுவான், பாதிக் கூலி. இப்போது இன்னொரு தீவில், சௌல்தாரியில் மகன் வீட்டுச் சோறு. ஆனாலும் கை சும்மா இருப்பதில்லை.

முந்தின சாயங்காலம் மருமகள் சுகுணா தரையில் சார்ட் விரித்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் டெம்பரரி டீச்சர். மறுநாள் பாடம் பார்க்க ஆபீசர் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நீடிக்கும்.

"என்னா புள்ள, இந்தப் பக்கம் புல்லு, அந்தப் பக்கம் கொரங்கு?"

"ஸ்லாத் மாமா. மரத்துலயே தொங்கும். எங்கயோ ஒரு சின்னத் தீவுல, அலையாத்திக் காட்டுல மட்டுந்தான் இருக்கு. இந்தப் புல்லும் நம்ம தீவுல மட்டுந்தான். இது தாவரம், அது விலங்கு. குடும்பம், இனம் எல்லாம் வேற. கடைசி வரி மட்டும் ஒண்ணு."

"என்னா வரி?"

"அழியுற நெலமை."

"புல்லு அழியுதாக்கும்! ஆயுசு பூரா புடுங்குறேன், அழிஞ்சது என் இடுப்புதான். படிச்சதெல்லாம் பாகல், பைத்தியமா ஆயிருச்சு."

அந்தப் புல் தொட்டியில் இருப்பதை அவள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

காலையில் அவள் வெறும் தொட்டியோடு வந்து நின்றாள். "மாமா, புல்லு?"

"ஆடு அவுத்துக்கிச்சு." வாய் தானாகச் சொல்லிற்று.

அவள் ஆட்டைப் பார்த்தாள். முடிச்சு அவிழாமல் முளையில் இருந்தது. சார்ட்டையும் தொட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

ஆட்டின் காலடியைக் கிளறினார். வேரோடு ஒரே ஒரு குத்து மிஞ்சியிருந்தது. துண்டை நனைத்து, அதில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

வகுப்பு வாசலை நெருங்கும்போதே ஆபீசரின் குரல் கேட்டது. "காப்பாத்தணும்னு எழுதியிருக்கீங்க மேடம். தொட்டி காலி. கியா பாத் ஹை, என்ன விஷயம்?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"என் தப்பு சார்," என்றாள் சுகுணா. "தண்ணி ஊத்தாம விட்டுட்டேன்."

காத்தமுத்துவுக்குக் காது கொதித்தது. ஆட்டின் மேல் பழி போட்ட அதே வாய் இப்போது திறக்க மாட்டேன் என்றது. இத்தனை வருசம் இவள் ஊற்றிய குழம்பைக்கூட நம்பாமல் முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

செருப்பைக் கழற்றி, ஒரு காலை உள்ளே வைத்தார். முன்வரிசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "டீச்சர், உங்க மாமா!"

எல்லாத் தலையும் திரும்பிற்று. சுவரில் மாட்டிய சார்ட்டில் அந்த விலங்கு கிளையை இறுக்கிப் பிடித்தபடி அவரைப் பார்த்தது. துண்டிலிருந்து தண்ணீர் வாசற்படியில் சொட்டிக்கொண்டிருந்தது, புல்லைப் பிடித்திருந்த கை விரியவில்லை.