அரை நிமிடம் பின்னால் வரும் சத்தம்

டிரெவர் ஹன்னஃபோர்டின் கார் போய் அரை நிமிடம் கழித்துத்தான் அதன் சத்தம் போகும். கரபின்னா என்ற அந்தக் கோதுமை ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். முதலில் வெள்ளை ஸ்டேஷன் வேகன் தூசியைக் கிளப்பிக்கொண்டு, ஆனால் ஒரு முனகல்கூட இல்லாமல், கோதுமைக் குதிர்களைத் தாண்டிப் போகும். தூசி அடங்கத் தொடங்கும்போது, வெறும் சாலையில், டயர் உரசலும் கதவு நடுக்கமும் பின்கண்ணாடியின் கடகடப்பும் ஒன்றாகச் சேர்ந்து அதே வேகத்தில் ஆளில்லாமல் போகும். வளைவு வந்தால் கியர் மாற்றும். ஊர் நாய்கள் இரண்டு வாரம் அதைத் துரத்திப் பார்த்தன. கடிக்க ஒன்றும் அகப்படாததால் விட்டுவிட்டன.

டிரெவரின் மனைவி கிளெனிஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோன வறட்சி வருஷத்தில் இது ஆரம்பித்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அதில் நாற்பது கிலோமீட்டர் தாரைக் கண்ணால் பார்க்காத செம்மண் சாலை, லாரி ஓடி ஓடி வரிவரியாக எழும்பிக் கிடந்தது. அதன்மேல் கார் போனால் உள்ளே தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருக்கும். திரும்பும் வழியில் கிளெனிஸ் துவண்டு கிடப்பார், கண்ணை மூடுவார், ஆனால் தூக்கம் வராது. அவர் அந்த ஒன்றரை மணி நேரம் தூங்க வேண்டும் என்பதைத் தவிர டிரெவருக்கு அப்போது வேறு பிரார்த்தனை இல்லை.

முதலில் ஊர் வழக்கப்படி கூரை ஒழுக்கை அடைக்கிற தார் நாடாவை வாங்கினார். கரபின்னாவில் தண்ணீர்த் தொட்டி, படகு, கோழிக்கூண்டு, ஒருமுறை போதகரின் காலணி எல்லாமே அந்த நாடாவால்தான் பிழைத்திருந்தன. கதவுக்குள்ளும் கூரைக்கடியிலும் ஒட்டிய ஒன்பதாம் நாள் வெயில் நாற்பத்து நான்கு டிகிரியைத் தொட்டது. நாடா இளகி, அன்று காலைதான் சுருட்டி விட்டிருந்த கிளெனிஸின் தலைமுடியில் சொட்டியது. “எனக்கு ரோடு போடுறியா டிரெவ்?” என்று கேட்டார் கிளெனிஸ். அதைச் சுரண்டி எடுக்க நான்கு நாளும், தலையிலிருந்து எடுக்க ஒரு கத்தரிக்கோலும் தேவைப்பட்டன.

அடுத்து இரண்டு பேரிடம் யோசனை கேட்டார். ஒருவர் டாட் கிளைனிக், ஊர் எல்லையில் பழைய கார்களை உடைத்து விற்கிறவர். அவர் கதவுத் தகட்டை விரல் முட்டியால் தட்டினார். டங் என்றது. கை அகலத்துக்கு, அதிர்வை அடக்க ஒட்டுகிற ஒரு பியூட்டைல் ரப்பர் தாளை, அலுமினிய முகம் வெளியே தெரிய, தகட்டின் நடுவில் வைத்து உருளையால் அழுத்தினார். மறுபடி தட்டினார். டொக் என்றது. “அவ்வளவுதான். மணியில விரல் வச்சா போதும், மணியையே மூட வேண்டாம். ஒவ்வொரு தகட்டுலயும் கால்வாசி ஒட்டு. மிச்சத்தை விட்டுடு” என்றார்.

இன்னொருவர் நார்மன் பிரிட்ஜ்லண்ட், கரபின்னா மோட்டார் வாகனப் பாதுகாவலர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் ஏழு உறுப்பினர்கள், அதில் ஆறு பேர் நிர்வாகிகள். ஏழாமவருக்குப் பதவி எதுவும் மிஞ்சவில்லை என்பதால் அவரைத் துணைப் புரவலர் ஆக்கியிருந்தார்கள். நார்மன் கழுத்தில் ஒலி அளக்கும் கருவி ஒன்று தொங்கும். டெசிபல் என்ற சொல்லை அவர் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர்கள் தொப்பியைக் கழற்றலாமா என்று யோசிப்பார்கள். “கால்வாசியா? கால்வாசி குடை பிடிப்பியா நீ?” என்று கேட்டார். முழுப் போர்வைதான் வழி, ஒரு விரல்கடைத் தகடும் வெளியே தெரியக் கூடாது, ரப்பருக்கு மேல் நுரைத் தாள், நுரைக்கு மேல் கனத்த வினைல் விரிப்பு என்று தீர்ப்புச் சொன்னார். டிரெவர் இரவெல்லாம் யோசித்தார். கால்வாசி நல்லதென்றால் முழுசு நாலு மடங்கு நல்லது என்று பட்டது. மனைவிக்காகச் செய்கிற காரியத்தில் கால்வாசி என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் வேலை நடந்தது. கார் ஒரு கொழுத்த செம்மறிக் கடாவின் எடை கூடியது. கடைசித் துண்டை ஒட்டிக் கதவைச் சாத்தியதும், உள்ளே இருந்த சத்தம் எல்லாம் இடமில்லாமல் வெளியே இறங்கி, காரின் பின்னால் வரத் தொடங்கியது. நார்மன் உள்ளே அளந்தார், பூஜ்யம். பின்னால் வந்ததை அளந்தார், எழுபத்து நாலு. சங்கத்தின் செய்தித்தாளில் ‘மௌனத்தின் வெற்றி’ என்று இரண்டு பக்கம் எழுதி, தன் படத்தையும் போட்டார்.

டிரெவர் நிம்மதியாக ஓட்டினார். கங்காரு குறுக்கே பாயும் சாலை என்பதால் கண்ணைத் திருப்ப மாட்டார். பக்கத்தில் கிளெனிஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறார் என்று நம்பி, எழுப்பிவிடக் கூடாதென்று இருமலைக்கூட அடக்கிக்கொண்டார். கிளெனிஸ் தூங்கவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கனமான விஷயம் எதையும் பேச மாட்டார்கள். உடம்பு எப்படி என்று கேட்டால், கை துண்டாகித் தரையில் கிடந்தாலும், மோசமில்லை என்பார்கள். பேச வேண்டியதை இரண்டு பேரும் சாலையைப் பார்த்தபடி காரில்தான் பேசுவார்கள். கிளெனிஸும் பேசினார். அந்தப் போர்வைகள் அதையும் விழுங்கி, மற்ற சத்தத்தோடு சேர்த்துப் பின்னால் இறக்கிவிட்டன. தன் குரல் தன் காதிலேயே விழாததைக் கிளெனிஸ் சிகிச்சையின் அசதி என்று நினைத்தார். டிரெவர் பதில் சொல்லவில்லை. எதற்கும் பதில் சொல்ல நேரமெடுக்கிற மனிதர்தான் என்பதால் கிளெனிஸ் நான்கு மாதம் காத்திருந்தார்.

செய்தித்தாளின் அடுத்த இதழில் நார்மன் ஓர் அட்டவணை போட்டார். டயர் இவ்வளவு, காற்று இவ்வளவு, கடைசி வரியில் ‘பெண் குரல், ஐம்பத்தொன்று’. டாட் அந்தத் தாளோடு அவர் வீட்டு வாசலுக்குப் போனார்.

“ஐம்பத்தொன்னுன்னு எழுதியிருக்கியே நார்ம், அவ என்ன சொன்னா?”

“அது அளவுல வராது டாட்.”

“உன் கழுத்துல தொங்குறதைக் கேக்கல. உன் காதைக் கேக்குறேன்.”

நார்மன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பயமா இருக்குன்னு சொன்னா. ஒவ்வொரு தடவையும் அதேதான்.”

“டிரெவர்கிட்ட சொன்னியா?”

“புருஷன் பொண்டாட்டி கார்ல பேசுறதை நான் எப்படிப் போய்ச் சொல்ல?”

“அச்சடிச்சு ஊருக்கே குடுத்தியே ராசா.”

விசாரித்தபோது, சாலையோரம் வீடிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டிருந்தார்கள். மரியாதைக்காக எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை அவர்கள் திரும்பும்போது டாட் தன் கொட்டகை வாசலில் நடுச்சாலையில் நின்று காரை மறித்தார். “டயரைப் பாக்கணும், இறங்கு” என்றார். டிரெவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். கார் நின்றால் சத்தம் வந்து சேர்ந்துவிடும். டிரெவர் ஒருவருக்குத்தான் அது தெரியாது, ஏனென்றால் ஆஸ்பத்திரி வாசலில் லாரி இரைச்சல், வீட்டிலோ அந்த நேரத்துக்குக் கார் கொட்டகையின் தகர ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பார், அதன் கிரீச்சலுக்கு முன் எதுவும் கேட்காது. இப்போது டயர் உரசல் வந்தது, கதவு நடுக்கம் வந்தது, அதற்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. “நான் தூங்கல டிரெவ். பயமா இருக்கு. ஏதாவது பேசேன்.” சத்தம் காரின் பின்சக்கரத்தருகே வந்து அடங்கியது. ஜன்னல் கண்ணாடிக்குள்ளே கிளெனிஸ், டாட்டைப் பார்த்து நாகரிகமாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். டிரெவர் குனிந்து டயரை வெகுநேரம் பார்த்தார். “டயருக்கு ஒண்ணுமில்ல” என்றார் டாட்.

மறுநாள் வினைலும் நுரையும் வெளியே வந்தன. ரப்பரைச் சூடுகாட்டித் தட்டுக்கரண்டியால் உரிக்கும் வேலைக்கு நார்மன் யாரும் கூப்பிடாமலே வந்தார். கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கால்வாசி மட்டும் மிச்சம் வைத்தார்கள். தகடு தெரியத் தெரிய, வாசலில் நின்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறிக்கொண்டது, முழுவதும் இல்லை.

சனிக்கிழமை திரும்பும்போது, செம்மண் தொடங்கும் இடத்தில் கிளெனிஸ் சாலையைப் பார்த்தபடி பயமா இருக்கு என்றார். கார் பதினோரு கிலோமீட்டர் ஓடியது. பிறகு டிரெவர், “எனக்கும்தான் கண்ணு” என்றார். கிளெனிஸ் அந்த இரைச்சலிலேயே தூங்கிப்போனார். வீட்டு வாசலில் ஷட்டர் கிரீச்சிட்டபோதும் விழிக்கவில்லை.

அதன்பின் மூன்று வருஷமும் ஒரு குளிர்காலமும் அவர்கள் அந்தச் சாலையில் போய்வந்தார்கள். உள்ளே ஏறாமல் மிஞ்சிய சத்தம் எப்போதும் அரை நிமிடம் பின்னால் வந்தது. அந்தப் பக்கத்தில் எதிரே கார் வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் ஒரு விரலைத் தூக்குவது மரியாதை. வெள்ளை ஸ்டேஷன் வேகனுக்கு விரலைத் தூக்குகிறவர்கள் உடனே இறக்குவதில்லை. புதிதாக வந்த தபால்காரர் ஏன் என்று கேட்டதற்கு, “பொறு, இன்னும் வரல” என்றார்கள். இப்போது டிரெவர் தனியாகத்தான் ஓட்டுகிறார், செவ்வாய், வியாழன், சனி, அதே நேரத்துக்கு. முதலில் கார் போகும். பிறகு வெறும் சாலையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போவார்கள். அதன் பிறகுதான் விரலை இறக்குவார்கள்.