நாலு இஞ்ச்

பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சரிவின் வாயில் குப்புறப் படுத்திருந்தார் டிரைவர் சின்னப்பா. கையில் மகளின் பள்ளிக்கூட ஸ்கேல், பல்லிடுக்கில் ஒரு முழம் நூல். இரண்டு வருடத்துக்கு முன் ஒரே மழையில் பேஸ்மென்ட் குளமானபோது, அடுக்ககத்துச் சங்கம் ஏழு கூட்டம் போட்டு, எட்டாவதில் சரிவின் வாயில் ஒரு சிமென்ட் மேடு கட்டியது. தண்ணீர் அதை மதிக்கவில்லை. கார்கள் மட்டும் இன்றுவரை மதித்து வருகின்றன. அந்த மேட்டின் உயரம் இப்போது ப்ரஹ்லாத்துக்கு வேண்டியிருந்தது.

ப்ரஹ்லாத் சென்ற மார்ச்சில் தன் கம்பெனியை விற்றிருந்தார். அது என்ன கம்பெனி என்று அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மிக்கே தெளிவாகத் தெரியாது. மற்ற கம்பெனிகள் எதையோ வேகமாகச் செய்ய உதவியதாம். விற்ற பிறகு அவரிடம் நிறையப் பணமும் மிக நீளமான காலைப்பொழுதுகளும் மிஞ்சின. அவற்றை நிரப்ப ஒரு சிவப்பு இத்தாலியக் காரும் ஒரு சாம்பல் நிற ஜெர்மன் காரும் போட்டியிட்டன. இத்தாலியக் கார் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தரும். சர்வீஸுக்கு லாரியில் ஏறி மும்பை போய்வரும். அந்த வகையில் அதன் சொந்தக்காரரைவிட அதிகம் ஊர் பார்க்கும். ஜெர்மன் காருக்குப் பாதிச் செலவுதான். ஆனால் அதைத் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இந்தக் குறையை எக்ஸெல்லில் எங்கே பதிவது என்று மூன்று வாரம் யோசித்த ப்ரஹ்லாத், கடைசியில் ‘மகிழ்ச்சி’ என்று தலைப்பிட்டு ஒரு பத்தி சேர்த்தார். இத்தாலியனுக்குப் பத்துக்கு ஒன்பதரை. அந்த அரை மார்க் எதற்குக் குறைந்தது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

இரண்டு காருக்கும் இரண்டே சீட்டு. அதன் பொருள் சின்னப்பாவுக்குப் போன வாரம்தான் விளங்கியது. பின்சீட்டில் முதலாளி பேசும்போது முன்சீட்டில் இருப்பவருக்குக் காது கிடையாது என்பது ஊர் வழக்கம். ப்ரஹ்லாத் யாரோ நண்பரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “டூ-சீட்டர்தானே, டிரைவரே வேண்டாம். அந்த சம்பளம் டயருக்கு சரியாப் போயிடும்.” பதினான்கு வருடமாக அவருக்கு வண்டி ஓட்டும் சின்னப்பா, தான் வருடத்துக்கு ஒரு செட் டயர் என்பதை அன்று தெரிந்துகொண்டார். வயது நாற்பத்தாறு. மகள் பத்தாம் வகுப்பு.

ஸ்கேல் ஐந்து இஞ்ச் காட்டியது. காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் இருப்பது நாலு இஞ்ச் என்று ப்ரஹ்லாத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். ஜெர்மன் காருக்கும் அதே நாலு. நாலு கோடி ரூபாய்க் காரைத் தெருவில் நிறுத்தி, மேலே மாடு உரசப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே கார் வராது, பழைய இன்னோவா இருக்கும், சின்னப்பாவும் இருப்பார்.

ஆனால் மேட்டின் இடது ஓரம், தூணை ஒட்டிய இடத்தில், கொத்தனாருக்குச் சிமென்ட் தீர்ந்துபோய்ச் சற்றே சரிந்திருந்தது. நேராகப் போனால் தட்டும். அங்கே கோணமாக நுழைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் தட்டாது. இதை ஸ்கேல் சொல்லாது. சின்னப்பாவின் முழங்கைக்கு மட்டும் தெரியும்.

அன்று ராத்திரி நீலசந்திராவில் இருக்கும் தங்கள் வீட்டில், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவர் மனைவி எல்லம்மா இதைக் கேட்டாள். “ஸ்கேலு என்ன சொல்லுதோ அத சொல்லு. உன் முழங்கைய யாரு கேட்டா?” என்றாள்.

திங்கட்கிழமை இன்னோவாவை ஓட்டிக்கொண்டே அப்படியே சொன்னார். பின்சீட்டில் ப்ரஹ்லாத் லேப்டாப்பைத் திறந்து, எக்ஸெல்லில் ஐந்து என்று தட்டினார். ஒரு கட்டம் சிவப்பானது. நாற்பத்தோரு வரிகளையும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு மூடினார். ரிச்மண்ட் சர்க்கிள் நெரிசலில் வண்டி நகராமலே மூன்று பச்சை விளக்குகள் வந்து போயின. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார் சின்னப்பா. பரிதாபமெல்லாம் வரவில்லை, ஒரு செட் டயருக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது. அவரை அரித்தது வேறு. தன்னால் இறக்க முடிந்த வண்டியை இறங்காது என்று ஒரு மனிதர் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதுவும் தான் சொல்லிக் கேட்டு. டிரைவருக்கு இருக்கும் ஒரே சொத்து திமிர். அது நாலாவது பச்சையில் வாய் திறந்தது.

“நேரா வுட்டாத்தான் சார் தட்டும். கோணமா வுட்டா போவும்.”

“எந்தக் கோணம்?”

“சொன்னா புரியாது சார். கைக்கு வரணும்.”

“எவ்ளோ நாளாகும்?”

சின்னப்பா கியரை மாற்றினார். “எனக்குப் பதினாலு வருஷம் ஆச்சு.”

சனிக்கிழமை காலை, ஓட்டிப் பார்ப்பதற்காக இத்தாலியக் கார் வீட்டுக்கே வந்தது. கூடவே டை கட்டிய தினேஷ், ஷோரூம் ஆள். ஸ்ரீராம்புரத்துப் பையன். ஆங்கிலத்தில் குதிரைத்திறன் பற்றிப் பேசியபடி, கண்ணை மேட்டின் மேலேயே வைத்திருந்தான். ஏழாம் மாடிவரை பால்கனிகள் நிரம்பின. ப்ரஹ்லாத் காருக்குள் இறங்கினார். அதில் ஏறுவதற்கு வழியில்லை. கோணத்தைத் தானே கணித்து மூன்று முறை முயன்றார். மூன்று முறையும், தட்டுவதற்கு முன்பே காரின் சென்சார் பிரசவ வார்டு போல அலறியது. பிறகு வெளியே வந்தார். முதலில் ஒரு கால் வந்தது, பிறகு தலை, பிறகு ஒரு கை தரையைத் தேடியது. மரியாதை கடைசியாக வந்து சேர்ந்தது.

காபி டம்ளரோடு நின்றிருந்த ஸ்ரீலக்ஷ்மி சொன்னார்: “எறங்கிட்டேளோன்னோ. சின்னப்பா உக்காரட்டும்.”

வாடிக்கையாளர் மட்டும்தான் ஓட்டலாம், கம்பெனி விதி என்று தினேஷ் ஒரு படிவத்தை நீட்டினான். ப்ரஹ்லாத் அதை முழுக்கப் படித்தார். விற்ற கம்பெனியின் ஒப்பந்தத்தைக்கூட அப்படிப் படித்திருக்கமாட்டார். கீழே, ‘இரண்டாவது ஓட்டுநர்’ என்று ஒரு கோடு காலியாக இருந்தது. பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

“சின்னப்பா, உன் இனிஷியல் என்ன?”

“எம், சார். முனியப்பன்.”

பதினான்கு வருடத்தில் அந்த எழுத்து ப்ரஹ்லாத்துக்குத் தேவைப்பட்டதில்லை. காருக்கு மேல் காகிதத்தை வைக்க தினேஷ் விடாததால், தன் தொடையில் வைத்து எழுதினார்.

சின்னப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்து சீட்டில் சரிந்த தினேஷ், ஆங்கிலத்தை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தான். “அண்ணா, பாத்துணா. கீறல் வுழுந்தா என் வேல பூடும்.”

“உன் வேல கீறுனாத்தான் போவும் தம்பி. என் வேல கீறாம போனாத்தான் போவும். கம்முனு குந்து.”

சீட்டு அவ்வளவு தாழ்வாக இருந்தது. உலகம் முழுக்க முழங்கால்களாகத் தெரிந்தது. முதலில் தெரிந்தவை ப்ரஹ்லாத்தின் முழங்கால்கள். அவர் சரிவில் இறங்கி, காருக்கு எதிரில் நின்று, பின்பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தார். சின்னப்பா தூணை நோக்கி ஒடித்தார். முன் இடது சக்கரம் மேட்டில் ஏறி, யோசித்து, இறங்கியது. வலது ஏறியது. எங்கும் எதுவும் உரசவில்லை. ஸ்ரீலக்ஷ்மி குனிந்து, காருக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் இருக்கிறதென்று கை காட்டினார்.

ப்ரஹ்லாத் இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தி, விரல்களை மடக்கி மடக்கி அழைத்தார். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் தினமும் பார்த்துப் பழகிய சைகை அது. அவரிடம் கொஞ்சம் அழகாகவே இருந்தது. நாலாக மடித்த படிவம் சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது. வேர்த்துக் கொட்டியது. ஒன்பதரையெல்லாம் இல்லை, அந்த முகத்தில் பத்துக்குப் பத்து இருந்தது.

“பர்லி… பர்லி…” என்றார், செக்யூரிட்டியின் கன்னடத்திலேயே, வரட்டும் வரட்டும் என்று. “ரைட்… இன்னும் வா… பர்லி…”

பின்சக்கரங்கள் இன்னும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன. சின்னப்பா பிரேக்கிலிருந்து வெறுங்காலை மெல்ல எடுத்தார்.