மூன்று சர்வர்களின் ஏகமனதான தீர்ப்பு

அப்சரின் ஏற்பாட்டை உடைக்கக்கூடிய திருடன் இன்னும் பிறக்கவில்லை; பிறந்தாலும் அவனுக்கு நன்னிலத்துக்கு பஸ் கிடைக்காது. இதை அப்சரே சொன்னான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஊரில் பாதிப்பேர் துபாயிலும் மீதிப்பேர் டிராவல்ஸ் வாசலிலும் இருந்த காலம். தஞ்சாவூரில் எம்.சி.ஏ. முடித்த அப்சர், மாமா ஜெக்கரியாவின் டிராவல்ஸில் மூன்று கம்ப்யூட்டர் சர்வர்களை வைத்தான். பயணிகள் பட்டியல் மூன்றிலும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றில் எவனாவது புகுந்து மாற்றினால், மற்ற இரண்டும் ஓட்டுப் போட்டுப் பழையபடி ஆக்கிவிடும். பெரும்பான்மை சொல்வதே டிக்கெட்டில் அச்சாகும்.

மூன்றுக்கும் ஒரே சாஃப்ட்வேர், ஒரே பாஸ்வேர்டு. பெருநாளைக்கு ஒரே துணிச்சுருளிலிருந்து கிழித்து வீட்டுப் பையன்கள் எல்லாருக்கும் சட்டை தைக்கிற குடும்பம் அது.

"சாயம் போனா எல்லாச் சட்டையும் சேர்ந்துதான் போகும்," என்றாள் அவனோடு படித்த மாமா மகள் தஹ்மீனா. "ஒண்ணுக்கொண்ணு வேற வேறயா வை. வாரம் ஒண்ணைக் கழட்டி, அழிச்சு, சிடியிலேருந்து புதுசா ஏத்து. உள்ள எவன் ஒளிஞ்சிருந்தாலும் போயிடுவான்."

"முறை வச்சுத் தண்ணி விட இது என்ன வாய்க்காலா? நல்லா ஓடுறதை அழிக்கணுமாம். நீ பேசாம பொதுப்பணித்துறையில சேர்ந்துடு."

பெருநாள் முடிந்த வாரம் எவனோ புகுந்தான். ஒரே பாஸ்வேர்டுக்கு மூன்றும் திறந்தன. அன்று திருச்சியில் விமானம் ஏற வேண்டிய இர்பானின் பெயர் இருந்த இடத்தில் ஜெக்கரியாவின் பெயர். வேலை: ஒட்டகம் மேய்த்தல்.

இர்பானின் விசா மறுநாளோடு முடிகிறது. வாசலில் வேன் நின்றது, பக்கத்தில் பெட்டியோடு இர்பான் நின்றான்.

அப்சர் ஒரு சர்வரில் பெயரைத் திருத்தினான். அடுத்ததற்குப் போவதற்குள், மற்ற இரண்டும் அவனையே திருடன் என்று தீர்மானித்து ஒட்டகத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. மறுபடி திருத்தினான். மறுபடி ஒட்டகம்.

"ஏற்பாடு சரியாத்தான் வேலை செய்யுது," என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

"மூணும் ஒரே மாதிரி சொல்லுதே," என்றார் ஜெக்கரியா யோசனையாக. "நான்தான் மறந்துட்டேனோ?"

அவர் மனைவி மெஹராஜ் பேகம் அதற்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் கைலிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "போறேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? அங்க போயி ஒட்டகத்துக்கு முன்னாடி வெறும் பனியனோட நிக்காதீங்க."

"அப்சர் பாய்," என்று இர்பான் வாசலிலிருந்து கூப்பிட்டான். "வேன்காரரு கேக்குறாரு, ஏத்துறது என்னையா, உங்க மாமாவையா?"

அப்சர் எல்லாரையும் டீ குடிக்க அனுப்பினான். கதவைச் சாத்திக்கொண்டு, தஹ்மீனாவின் மேஜை டிராயரிலிருந்து போன வாரப் பட்டியலோடு அவள் எடுத்து வைத்திருந்த சிடியை எடுத்தான். முதல் சர்வரின் கேபிளைக் கழற்றி, அழித்து, புதிதாக ஏற்றினான். பிறகு இரண்டாவதை.

கதவு திறந்தது. தஹ்மீனா.

"என்ன பண்றே?"

"தூசி தட்டுறேன்."

இரண்டையும் திரும்ப மாட்டியதும் பெரும்பான்மை மாறியது. டிக்கெட்டில் இர்பான் என்று அச்சாகி வந்தது. வேன் கிளம்பியது. மூன்றாவது சர்வர் மட்டும், மற்ற இரண்டும் திருத்தத் திருத்த, உள்ளே ஒளிந்திருந்தவன் தயவில் இன்னும் ஒட்டகத்துக்கே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

அப்சர் அதன் கேபிளையும் கழற்றினான். சுவரிலிருந்த காலண்டரில், அடுத்த வெள்ளிக்கு நேராக, 'முதல் சர்வர்' என்று பென்சிலால் சின்னதாக எழுதினான்.