முப்பத்தாறாம் எண்

வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் தினமும் வராதவனாக ஆவது எப்படி? 1989 செப்டம்பரில் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் விரிவுரையாளர். பக்கத்தில் மடவார் வளாகம் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். மாணவர்களின் கஷ்டங்களைக் கேட்டு வழி சொல்லும் ஆலோசகர் வேலையையும் முதல்வர் என் தலையில் கட்டியிருந்தார். மூன்றாம் ஆண்டு வைகுண்டராஜுக்குக் கல்லூரி திறந்ததிலிருந்து வருகை ஒரு சதவீதம்கூட இல்லை என்று அலுவலகத்திலிருந்து சீட்டு வந்தது. வருஷக் கடைசியில் எழுபத்தைந்து சதவீதம் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடைக்காது; ஒரு வருஷம் போய்விடும். அவன் அம்மா பஞ்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போய் அவனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவன் ஒரு வகுப்பையும் விட்டதில்லை. என் வகுப்பில் இரண்டாம் பெஞ்சில்தான் இருப்பான். என் பதிவேட்டைப் புரட்டினேன். அவன் கட்டங்களில் வரிசையாகச் சிவப்புக் கோடு. போட்டவள் நானே.

வருகை எடுப்பது எப்படி என்று சொல்கிறேன். நாற்பது பேருக்கும் எண் உண்டு. நாங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்தபடி எண்களை வேகமாகச் சொல்வோம். குரல் வந்தால் அடுத்த எண். வராவிட்டால் சிவப்புக் கோடு. ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆகவே பதிவேட்டுக்குத் தெரிவது ஆட்கள் அல்ல, குரல்கள் மட்டுமே.

அப்படியானால் வைகுண்டராஜ் வாய் திறப்பதில்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்தான். கூட வந்த வகுப்புத் தோழன் சமுத்திரம்தான் பொறுக்கமாட்டாமல் பேசினான்.

"ஏலே, மேடம் எம்புட்டு நேரமாக் கேக்காங்க, சொல்லேம்ல. சொல்ல மாட்டான் மேடம். காலேஜ் தொறந்த அன்னைக்கு ஒரே ஒரு தடவை சொன்னான். எங்களுக்கு ஈரக்குலை நடுங்கிட்டு."

"ஏன், என்ன சொன்னான்?"

"எஸ் சார்னுதான் சொன்னான். ஆனா வந்தது தங்கச்சாமி குரலு."

சமுத்திரம் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவனைப் போகச் சொல்லிவிட்டேன்.

தங்கச்சாமி முப்பத்தைந்தாம் எண். மகாராஜபுரத்துப் பையன். காலையில் வயல் வேலையை முடித்துப் பஸ் பிடித்து வருவதற்குள் முதல் வகுப்பு பாதி போயிருக்கும். அதனால் இரண்டு வருஷமும் முதல் வகுப்பில் அவனுக்காக 'எஸ்' சொன்னது அடுத்த எண்காரனான வைகுண்டராஜ். ஒரே குரல் இரண்டு தடவை வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று தங்கச்சாமியின் கனத்த, இழுவையான குரலைப் பழகி வைத்திருந்தான்.

அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு நாள் தங்கச்சாமி கல்லூரிக்கு வராமல் அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போனான். மலையில் பெய்த கோடை மழைத் தண்ணீர் திடீரென்று இறங்கியது. அன்றைக்கு ஐந்து வகுப்பிலும் வைகுண்டராஜ் அவனுக்கு 'எஸ்' சொன்னான். மறுநாள் அண்ணன்காரர் தேடி வந்தபோது பதிவேட்டைப் பார்த்து, "முழுநாளும் இருந்திருக்கிறானே" என்றோம். அவர் ஊருக்குள் பஸ் நிலையம், தியேட்டர் என்று பகல் முழுக்க அலைந்தார். மாட்டிக்கொள்வோம் என்று பயந்த வைகுண்டராஜ் சாயங்காலம்தான் உண்மையைச் சொன்னான். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது.

அன்றைய முதல் வகுப்பு என்னுடையது. தண்ணீருக்குள் கிடந்தவனை நான் வந்தவனாக எழுதினேன்.

நாலு மணிக்கு மேல் ஆய்வகத்தில் அவனை உட்கார வைத்து, வகுப்பில் சொல்வதுபோல "முப்பத்துநாலு, முப்பத்தாறு" என்றேன். உதடு அசையவில்லை. பிறகு, "முப்பத்தஞ்சு" என்றேன்.

"எஸ்ஸ் மேடம்."

கனத்த, இழுவையான குரல். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"வேணும்னு செய்யல மேடம். முப்பத்திநாலுன்னதும் அவன் தொண்டைக்கு வந்துருதான். நீங்க முப்பத்தஞ்சக் கூப்பிடாமத் தாண்டிருதீங்க. அவன் வெளிய போவாம உள்ளயே நிக்கான். அடுத்து என் நம்பர். வாயத் தொறந்தா அவன்தான் வருவான்."

"அன்னைக்கு அந்தக் குரலை நம்பி எழுதினது நான்தான் வைகுண்டராஜ். நீ மட்டும் சுமக்க வேண்டியதில்லை."

அவன் அழுதான். பேசியதும் அழுததும் அவன் சொந்தக் குரலில்தான். அதனால் தொண்டையில் கோளாறு இல்லை என்று தெரிந்தது. ஆனால் மறுநாளும் அவன் எண்ணுக்குப் பதில் வரவில்லை. ஆறுதல் ஒரு வேலை, வருகை வேறு வேலை. கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினான், குனிந்திருந்த ஆசிரியர்கள் பார்க்கவில்லை; ஏப்ரலுக்குப் பிறகு குரல் கேட்காமல் வந்ததாகப் போட யாரும் துணியவில்லை. அவன் எண்ணை மாற்றச் சொல்லி அலுவலகத்தில் கேட்டேன். "எண்ணெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போயாச்சு, மாத்த முடியாதும்மா" என்றார் கிளார்க் பால்ச்சாமி.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு வருஷமாக அந்தத் தொண்டை ஒரே வரிசையில் பழகியிருக்கிறது: முதலில் தங்கச்சாமி, பிறகு தான். முப்பத்துநாலு என்ற சத்தம்தான் விசை. அதை அழுத்தியதும் இறந்தவன் எழுகிறான், தன் முறைக்குக் காத்திருக்கிறான், முறை வருவதில்லை. எழுந்தவனை உட்கார வைக்க எனக்குத் தெரியாது. ஆனால் விசையை வைகுண்டராஜின் முறைக்குப் பின்னால் தள்ளிவைக்க முடியும்.

மறுநாள் எண்களை வேறு மாதிரி சொன்னேன். முப்பத்தாறு என்றதும், "எஸ் மேடம்" என்று மெல்லிய குரல் வந்தது. வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முப்பத்தைந்தைத் தாண்டும்போது அவன் வாயைப் பொத்திக்கொண்டான். முப்பத்துநாலுக்குக் குருசாமி பதில் சொன்னான். மீதி வகுப்புகள் ஒன்றையும் விடாவிட்டால் எழுபத்தாறு சதவீதம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மற்ற நான்கு ஆசிரியர்களுக்கும் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"மூன்றாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் வருகையைக் கடைசி எண்ணிலிருந்து எடுக்கவும். நாற்பதில் தொடங்கி ஒன்றில் முடிக்கவும்."